அறிவுரையும் சட்டமும்: குழந்தைகளின் உடற்பருமனை இங்கிலாந்து எதிர்கொண்ட விதம்

2015 முதல் 2020 வரையிலான ஐந்து ஆண்டுகளில் குழந்தைகளின் உணவிலிருந்து சர்க்கரையைக் குறைக்க பிரிட்டிஷ் அரசு இரண்டு வழிகளைக் கையாண்டது. குளிர்பானங்களுக்கு வரி போட்டது. பிஸ்கட், கேக், சாக்லேட், ஐஸ்கிரீம், தயிர், காலை உணவுத் தானியங்கள் போன்றவற்றுக்கு வரி போடவில்லை. 2020-க்குள் சர்க்கரையை 20 சதவீதம் குறைத்துவிடுங்கள் என்று அவற்றைத் தயாரிக்கும் நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டது. காலக்கெடு முடிந்ததும் கணக்குப் பார்த்தார்கள். வரி வளையத்துக்குள் வந்த பானங்களில் சர்க்கரை 46 சதவீதம் குறைந்திருந்தது. கேட்டுக்கொள்ளப்பட்ட உணவுகளில் குறைந்தது 3.5 சதவீதம்.

ஒரே அரசு, ஒரே நோக்கம், ஏறக்குறைய ஒரே காலம். மாறியது வழி மட்டுமே. கொள்கை ஆய்வில் இவ்வளவு நேரடியான ஒப்பீடு எளிதில் கிடைப்பதில்லை. குழந்தைகளின் உடல்நலத்துக்காக ஓர் அரசு என்ன செய்ய முடியும், எதைச் செய்தால் பயன் கிடைக்கும் என்று கேட்பவர்கள் இங்கிலாந்தை உன்னிப்பாகப் படிக்க வேண்டும் என்று சொல்வதற்கு இது ஒன்றே போதுமான காரணம்.

அங்கே திட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டாலி தீஸ், மார்ட்டின் ஒயிட் இருவரும் 1992 முதல் 2020 வரை வெளியான அரசின் உடற்பருமன் திட்டங்கள் அனைத்தையும் எடுத்து ஆராய்ந்து, 2021-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மொத்தம் 14 திட்டங்கள். அவற்றுக்குள் 689 கொள்கைகள். ஒரு கொள்கை ஏட்டிலிருந்து இறங்கி நடைமுறைக்கு வரவேண்டுமென்றால் அதற்கு யார் பொறுப்பு, எப்போதைக்குள் முடிப்பது, பணம் எங்கிருந்து வரும், எப்படிக் கண்காணிப்பது என்பது போன்ற விவரங்கள் வேண்டும். அப்படி ஏழு விவரங்களை அளவுகோலாக வைத்துப் பார்த்தபோது, ஏழும் பொருந்தியவை வெறும் 8 சதவீதம். அதோடு, சூழலை மாற்றுவதைவிட மக்களுக்குத் தகவல் சொல்லி அவர்களே மாறிக்கொள்ளட்டும் என்று விடும் போக்கே இந்தத் திட்டங்களில் மேலோங்கி இருந்தது என்றும் அவர்கள் கண்டார்கள்.

குழந்தையின் தட்டில் என்ன விழுகிறது என்பதை விலை, செய்முறை, பள்ளிச் சமையலறை ஆகியவை தீர்மானிக்கின்றன. அவற்றைச் சட்டத்தால் தொட்ட இடங்களில் பலன் தெரிந்தது. பெற்றோரின் மன உறுதியையும் நிறுவனங்களின் நல்லெண்ணத்தையும் நம்பி நின்ற இடங்களில் காலம்தான் போனது. இதை இங்கிலாந்தின் பதிவுகளைக் கொண்டே நிறுவ முடியும்.

அளந்து பார்க்கும் நாடு

இங்கிலாந்தின் அரசுத் தொடக்கப் பள்ளிகளில் ஒவ்வொரு குழந்தையும் இரண்டு முறை அளக்கப்படுகிறது. பள்ளியில் சேரும் 4–5 வயதில் ஒரு முறை; தொடக்கப் பள்ளியை முடிக்கும் 10–11 வயதில் இன்னொரு முறை. காலணியைக் கழற்றிவிட்டு எடை பார்க்கும் கருவியில் ஏறி நிற்க வேண்டும், உயரம் குறித்துக்கொள்வார்கள். பெற்றோர் விரும்பாவிட்டால் விலக்கிக்கொள்ளலாம். 2005–06 கல்வியாண்டில் தொடங்கிய இந்தத் தேசியக் குழந்தை அளவீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்குப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இடம்பெறுகிறார்கள். ஒரு நாட்டுக் குழந்தைகளின் எடையை இவ்வளவு விரிவாக, இவ்வளவு காலம் தொடர்ந்து பதிவுசெய்த திட்டங்கள் உலகில் மிகச் சிலவே.

அந்தப் பதிவு என்ன சொல்கிறது? 2023–24 கணக்குப்படி பள்ளியில் சேரும்போது 9.6 சதவீதக் குழந்தைகளுக்கு உடற்பருமன் இருந்தது. தொடக்கப் பள்ளியை முடிக்கும் வகுப்பில் அது 22.1 சதவீதம். பள்ளிக்குள் நுழையும்போது பத்தில் ஒருவர், வெளியேறும்போது ஐந்தில் ஒருவருக்கும் மேல். கொரோனா முடக்கம் நிலவிய 2020–21-இல் இந்த எண்கள் 14.4, 25.5 என்று எகிறின; ஒரே ஆண்டில் அப்படியொரு ஏற்றத்தை அதற்கு முன் யாரும் கண்டதில்லை. பள்ளிகள் மூடிக் கிடந்தன, பள்ளி மதிய உணவு நின்றது, வெளியே ஓடி விளையாட வழியில்லை. சூழல் மாறினால் குழந்தையின் எடை எவ்வளவு வேகமாக மாறும் என்பதற்கு அந்த ஒரு வருடமே சாட்சி.

சராசரியைவிட முக்கியமான செய்தி அதற்கு உள்ளே இருக்கிறது. மிக வறிய பகுதிகளில் வாழும் 10–11 வயதுக் குழந்தைகளில் 29.2 சதவீதம் பேருக்கு உடற்பருமன். மிக வசதியான பகுதிகளில் 13 சதவீதம். இரு மடங்குக்கும் அதிகம். வறிய குடும்பத்துப் பெற்றோருக்குப் பிள்ளைகள்மீது அக்கறை பாதிதான் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆக, அக்கறைக்கு அப்பாற்பட்ட ஏதோ ஒன்று இந்த வேறுபாட்டை உண்டாக்குகிறது. ஒரே அளவு கலோரிக்கு ஆரோக்கியமான உணவு இரு மடங்குக்கும் மேல் விலை அதிகம் என்று உணவு அறக்கட்டளை என்ற அமைப்பு ஆண்டுதோறும் கணக்கிட்டுக் காட்டிவருகிறது. கையில் இருக்கும் காசுக்கு வயிறு நிறைய வேண்டுமென்றால் எதை வாங்குவார்கள் என்பதைக் கடையின் விலைப்பட்டியலே முடிவு செய்துவிடுகிறது.

பள்ளிச் சாப்பாட்டின் நூற்றாண்டு

குழந்தைகளின் உணவில் அரசு தலையிடுவது இங்கிலாந்துக்குப் புதிதல்ல. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்கு ஆள் சேர்த்தபோது, வந்த இளைஞர்களில் பலர் உடல் தகுதி இல்லாமல் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அந்த அதிர்ச்சியில் அமைக்கப்பட்ட குழு 1904-இல் அறிக்கை தந்தது. பள்ளிக் குழந்தைகளுக்கு உணவளிக்க உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் சட்டம் 1906-இல் வந்தது. பிராட்ஃபோர்டு நகரம் முதலில் இறங்கியது. 1944-இன் கல்விச் சட்டம் அந்த அனுமதியைக் கடமையாக்கியது. அன்றைய பிரச்சினை பட்டினி.

1980-இல் மார்கரெட் தாட்சர் அரசு அந்தக் கடமையை நீக்கியது. இலவச உணவுக்குத் தகுதியுள்ள குழந்தைகளுக்கு மட்டும் ஏதாவது கொடுத்தால் போதும். உணவின் சத்து இவ்வளவு இருக்க வேண்டும் என்ற தரவிதியும் போனது. பின்னர் போட்டி ஒப்பந்தப்புள்ளி முறை வந்தது. குறைந்த விலைக்கு யார் சமைப்பார்களோ அவர்களுக்கு ஒப்பந்தம். சமைக்கத் தெரிந்தவர்கள் பொட்டலத்தைப் பிரித்து எண்ணெயில் போட்டு எடுப்பவர்களாக மாறினார்கள். சிப்ஸ், பர்கர், அரைத்த இறைச்சியை வடிவமாக்கிச் செய்த பண்டங்கள் என்று பள்ளி உணவகம் துரித உணவுக் கடையின் சாயலுக்கு வந்தது. இருபது ஆண்டுகள் இப்படியே போயின.

2005-இன் தொடக்கத்தில் சமையல் கலைஞர் ஜேமி ஆலிவர் லண்டனின் கிரீனிச் பகுதிப் பள்ளிகளுக்குக் கேமராவோடு போனார். ஒரு குழந்தையின் மதிய உணவுக்கான மூலப்பொருளுக்குச் செலவிடப்படுவது 37 பென்ஸ் என்பதை நாடு தொலைக்காட்சியில் பார்த்தது. 2 லட்சத்து 70 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு பிரதமர் இல்லத்துக்குப் போனது. டோனி பிளேர் அரசு 28 கோடி பவுண்டு ஒதுக்கியது. தொடக்கப் பள்ளி உணவின் மூலப்பொருளுக்குக் குறைந்தது 50 பென்ஸ், மேல்நிலைப் பள்ளிக்கு 60 பென்ஸ் என்று வரம்பு வைத்தது. அடுத்த சில ஆண்டுகளில் கட்டாயத் தரவிதிகள் படிப்படியாக வந்தன. கிரீனிச் பள்ளிகளைப் பக்கத்துப் பகுதிப் பள்ளிகளோடு ஒப்பிட்ட பொருளியல் ஆய்வு ஒன்று, உணவு மாறிய பிறகு உடல்நலக் குறைவு போன்ற காரணங்களுக்காக எடுக்கும் விடுப்பு 14 சதவீதம் குறைந்ததாகவும், ஆங்கிலத்திலும் அறிவியலிலும் தேர்ச்சி உயர்ந்ததாகவும் கண்டது.

எதிர்ப்பும் வந்தது. 2006 செப்டம்பரில் ராதர்ஹாம் அருகே ராமார்ஷ் என்ற ஊரில், மதிய இடைவேளையில் மாணவர்கள் வெளியே போகக் கூடாது என்று ஒரு பள்ளி தடை போட்டது. சில தாய்மார்கள் பள்ளி வேலிக்கு வெளியே நின்று, பிள்ளைகளிடம் என்ன வேண்டும் என்று கேட்டு, பர்கரும் சிப்ஸும் வாங்கிவந்து வேலி வழியாக நீட்டினார்கள். பத்திரிகைகள் அந்தப் பெண்களை ஏளனம் செய்து தீர்த்தன. பொறுமையாகப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது: வரிசை நீளமாக இருக்கிறது, சாப்பிட நேரமில்லை, பிள்ளைகள் பசியோடு வகுப்புக்குப் போகிறார்கள். மேலிருந்து வந்த மாற்றம் சாப்பிடுகிறவர்களின் வசதியைக் கேட்டு அறியவில்லை. பள்ளி உணவு வாங்குவோர் எண்ணிக்கையும் முதல் சில ஆண்டுகள் சரிந்து, பிறகுதான் மீண்டது. சட்டம் வேலை செய்யும் என்று வாதிடுபவர்கள் ராமார்ஷை மறக்கக் கூடாது. விதியோடு சேர்ந்து, உட்கார்ந்து சாப்பிட இடமும், போதிய நேரமும், வாய்க்குப் பிடித்த சமையலும் வேண்டும்.

அந்தப் பாடத்தை 2013-இல் ஹென்றி டிம்பிள்பியும் ஜான் வின்சென்ட்டும் எழுதிய பள்ளி உணவுத் திட்டம் உள்வாங்கிக்கொண்டது. அதன் விளைவாக 2015 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த விதிகளைச் சமையற்காரர் ஒருவர் சுவரில் ஒட்டிவைத்துப் பின்பற்ற முடியும். எண்ணெயில் பொரித்ததோ மாவில் தோய்த்ததோ வாரத்துக்கு இரண்டு முறைக்கு மேல் கூடாது. கொழுப்புச் சத்துள்ள மீன் மூன்று வாரத்துக்கு ஒரு முறையாவது வேண்டும். சாப்பாட்டு மேசையில் உப்பு வைக்கக் கூடாது. பழச்சாறு என்றால் 150 மில்லிலிட்டர். சாக்லேட்டும் மிட்டாயும் கிடையாது. ஒவ்வொரு நாளும் ஏதாவது ஒரு காய் கட்டாயம்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் வீட்டிலிருந்து வரும் உணவுப்பெட்டி இருக்கிறது. லீட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006-இலும் 2016-இலும் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளின் உணவுப்பெட்டிகளைத் திறந்து, பள்ளிச் சமையலுக்கு உள்ள சத்து விதிகளோடு ஒப்பிட்டார்கள். 2016-இல் விதியை எட்டியவை நூற்றுக்கு இரண்டுகூட இல்லை, 1.6 சதவீதம்தான். இடைப்பட்ட பத்தாண்டுகள் முழுக்கப் பெற்றோருக்கு அறிவுரைகள் மழையாகப் பொழிந்த காலம். 2009-இல் தொடங்கிய ‘சேஞ்ச் ஃபார் லைஃப்’ பிரச்சாரத்தின் பொம்மைகளைத் தெரியாத வீடே இல்லை. அப்படியிருந்தும் உணவுப்பெட்டி பெரிதாக மாறவில்லை. அதே நாட்டில், அதே குழந்தைகள் சாப்பிடும் பள்ளித் தட்டு மாறியிருந்தது.

2014 செப்டம்பர் முதல் இங்கிலாந்தின் அரசுப் பள்ளிகளில் முதல் மூன்று ஆண்டு வகுப்புக் குழந்தைகள் அனைவருக்கும், பெற்றோரின் வருமானம் பார்க்காமல் மதிய உணவு இலவசம். எசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அளவீட்டுத் தரவுகளோடு இதை இணைத்துப் பார்த்தபோது, முதல் ஆண்டின் முடிவிலேயே உடற்பருமன் சற்றுக் குறைந்திருப்பது தெரிந்தது. ஒரு வேளை உணவைத் தந்தால் குழந்தைகள் பருத்துவிடுவார்கள் என்று அஞ்சியவர்களுக்கு அது பதில். வீட்டுப்பெட்டியின் இடத்தில் சமைத்த உணவு வந்தது, அதுவே காரணமாக இருக்கலாம்.

டின்னுக்குள் நடந்த மாற்றம்

2016 மார்ச் மாத நிதிநிலை அறிக்கையில் நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் குளிர்பான வரியை அறிவித்தபோது தொழில் துறையோடு சேர்ந்து அவருடைய கட்சிக்காரர்களே திகைத்தார்கள். வரி நடைமுறைக்கு வந்தது 2018 ஏப்ரல் 6 அன்று. அதன் நுட்பம் முழுவதும் அதன் படிநிலைகளில் இருக்கிறது. 100 மில்லிலிட்டரில் 5 கிராமுக்குக் குறைவாகச் சர்க்கரை இருந்தால் வரி இல்லை. 5 முதல் 8 கிராமுக்குள் இருந்தால் தொடக்கத்தில் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமோ அதற்கு மேலோ என்றால் அப்போது 24 பென்ஸ். கடைக்காரரிடமோ வாங்குபவரிடமோ போகாமல், தயாரிப்பாளரிடமும் இறக்குமதியாளரிடமும் வசூலிக்கப்படும் வரி இது. அறிவிப்புக்கும் அமலுக்கும் இடையில் இரண்டு ஆண்டு அவகாசம் தரப்பட்டது.

ஒரு தயாரிப்பாளரின் இடத்தில் இருந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை உள்ள 330 மில்லிலிட்டர் டின் ஒன்றுக்குத் தொடக்கத்தில் வரி சுமார் 8 பென்ஸ். கோடிக்கணக்கான டின்கள் விற்கும் நிறுவனத்துக்கு அது பெரும் தொகை. சர்க்கரையை 5 கிராமுக்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் முழுத் தொகையும் மிச்சம். ஸ்காட்லாந்தின் செல்லப் பானமான ஐரன்-ப்ரூ 10.3 கிராமிலிருந்து 4.7 கிராமுக்கு இறங்கியது. பழைய ருசிக்காக மக்கள் டின்களை வாங்கிப் பதுக்கினார்கள், மனு போட்டார்கள். ஆனாலும் புதிய ருசி நிலைத்தது. லூக்கோசேட் 13 கிராமிலிருந்து 5 கிராமுக்குக் கீழே வந்தது. கோக்க-கோலாவின் அசல் பானம் மாறவில்லை. அதன் ஒரு டின்னில் இருக்கும் சர்க்கரை 35 கிராம். பத்து வயதுக் குழந்தைக்கு ஒரு நாள் முழுவதற்கும் பிரிட்டனில் பரிந்துரைக்கப்படும் உச்ச வரம்பே 24 கிராம்தான்.

வரி முதலாண்டில் 52 கோடி பவுண்டு கொண்டுவரும் என்பது அறிவிப்பு நாள் மதிப்பீடு. வந்தது ஏறக்குறைய 24 கோடி. வருவாய்த் துறையின் கண்ணுக்கு இது குறைவு; பொதுச் சுகாதாரத்தின் கண்ணுக்கு இதுதான் வெற்றி. பானங்களில் சர்க்கரை குறைந்ததால்தான் வரியும் குறைந்தது. எந்தத் தாயும் எந்த லேபிளையும் படிக்க வேண்டியிருக்கவில்லை. எந்தக் குழந்தையும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. வழக்கமான கடையில், செய்முறை மாறிய வழக்கமான பானத்தை வாங்கியவர்களின் உடம்புக்குள் ஏறக்குறைய பாதிச் சர்க்கரையே போனது.

அளவீட்டுத் தரவுகளை வைத்து கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2023-இல் வெளியிட்ட முடிவின்படி, 10–11 வயதுச் சிறுமிகளிடையே உடற்பருமன், வரி இல்லாதிருந்தால் எவ்வளவு இருந்திருக்குமோ அதைவிட 8 சதவீதம் குறைந்திருந்தது. அந்த வயதில் மட்டும் ஆண்டுக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சிறுமிகள் தப்பித்திருக்கிறார்கள். சிறுவர்களிடமும் 4–5 வயதுக் குழந்தைகளிடமும் அத்தகைய மாற்றம் தென்படவில்லை. சொத்தைப் பல்லைப் பிடுங்குவதற்காக மருத்துவமனையில் சேர்க்கப்படும் குழந்தைகள் எண்ணிக்கையும் 12 சதவீதம் குறைந்தது. ஒரு வரியால் உடற்பருமன் ஒழிந்துவிடாது. ஆனால் ஒரே ஒரு நடவடிக்கையால், ஒரு சில ஆண்டுகளுக்குள், நாடு தழுவிய அளவில் தெரியக்கூடிய பலன் கிடைத்தது என்பது 689 கொள்கைகளின் பட்டியலில் மிக அரிதான செய்தி.

ஓடினால் மட்டும் போதுமா?

உணவைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், குழந்தைகள் ஓடியாடினால் எல்லாம் சரியாகும் என்ற குரலும் கூடவே எழும். உணவு நிறுவனங்களுக்கு இந்த வாதம் மிகவும் உவப்பானது. குழந்தைகள் நாளுக்குச் சராசரியாக ஒரு மணி நேரம் உடலை அசைக்க வேண்டும் என்பது பிரிட்டனின் தலைமை மருத்துவ அதிகாரிகள் தந்த வழிகாட்டுதல். ஸ்போர்ட் இங்கிலாந்து அமைப்பின் 2023–24 கணக்கெடுப்பில் அதை எட்டியவர்கள் 47.8 சதவீதம், பாதிகூட இல்லை. சிறுமிகளும் வறிய குடும்பத்துக் குழந்தைகளும் இன்னும் பின்தங்கியிருக்கிறார்கள்.

இந்தத் துறையில் அரசின் நடத்தை நிலையற்றது. பள்ளிகளை ஒன்றிணைத்து விளையாட்டை நடத்திவந்த கூட்டமைப்புகளுக்கான 16.2 கோடி பவுண்டை 2010-இல் கல்வியமைச்சர் மைக்கேல் கோவ் நிறுத்தினார். எதிர்ப்பு கிளம்பவே ஒரு பகுதியைத் திரும்பக் கொடுத்தார்கள். லண்டன் ஒலிம்பிக் முடிந்த பிறகு 2013-இல் தொடக்கப் பள்ளிகளுக்கு விளையாட்டு நிதி என்று புதிய ஒன்று வந்தது. குளிர்பான வரியின் பெயரால் அது 2017-இல் ஆண்டுக்கு 32 கோடி பவுண்டாக இரட்டிப்பானது. கட்டி எழுப்பிய அமைப்பைக் கலைத்துவிட்டு, சில ஆண்டுகளில் வேறொன்றை முதலிலிருந்து தொடங்குவது வீண் செலவு. அதற்கிடையில் பயிற்சி பெற்ற ஆட்களும் சிதறிப் போனார்கள்.

நல்ல முயற்சிகள் பள்ளிகளுக்குள்ளிருந்தே எழுந்தன. ஸ்காட்லாந்தின் ஸ்டர்லிங் நகரத் தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியர் இலெய்ன் வைலி, குழந்தைகள் கொஞ்சம் ஓடினாலே களைத்துப்போவதைக் கண்டு, 2012-இல் ‘டெய்லி மைல்’ வழக்கத்தைத் தொடங்கினார். தினமும் பதினைந்து நிமிடம், பள்ளிச் சீருடையிலேயே, எல்லாக் குழந்தைகளும் வெளியே ஓடலாம் அல்லது நடக்கலாம். தனிக் கருவி, தனி உடை, பயிற்சியாளர் எதுவும் தேவையில்லை. அது ஆயிரக்கணக்கான பள்ளிகளுக்குப் பரவியது. குழந்தைகளின் உடல்திறன் கூடுவதை ஸ்டர்லிங் பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. பர்மிங்காமில் 40 பள்ளிகளில் நடந்த பரிசோதனையில், ஓராண்டுக்குப் பின் எடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தெரியவில்லை.

மேற்கு மிட்லாண்ட்ஸ் பகுதியில் நடந்த ‘வேவ்ஸ்’ பரிசோதனை இன்னும் விரிவானது. 54 பள்ளிகள். ஐந்தாறு வயதுக் குழந்தைகள். ஓராண்டு முழுவதும் நாளுக்கு அரை மணி நேரம் கூடுதல் உடற்பயிற்சி, ஆஸ்டன் வில்லா கால்பந்துக் கழகத்தோடு சேர்ந்து நடத்திய நிகழ்ச்சி, பெற்றோருக்குச் சமையல் பட்டறை. 2018-இல் முடிவு வந்தது: குழந்தைகளின் எடையில் பொருட்படுத்தத்தக்க மாற்றம் இல்லை.

இதிலிருந்து உடற்பயிற்சி வீண் என்று முடிவுகட்டுவது பெரும் பிழை. ஓட்டமும் விளையாட்டும் எலும்புக்கும் இதயத்துக்கும் தூக்கத்துக்கும் மனத்துக்கும் நல்லவை. எடை குறையாவிட்டாலும் ஒவ்வொரு குழந்தைக்கும் அவை உரிமை. நாம் மறுக்க வேண்டியது, விளையாட்டைக் காட்டி உணவுக் கொள்கையைத் தள்ளிப்போடும் தந்திரத்தை. ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுபோல, பள்ளி வாசலுக்கு வெளியே உலகம் அப்படியே இருக்கும்போது பதினைந்து நிமிட ஓட்டத்திடம் எல்லாவற்றையும் எதிர்பார்ப்பது அந்த ஓட்டத்துக்கே அநியாயம்.

தள்ளிப்போட்ட கணக்கு

தெரசா மே அரசு 2016 ஆகஸ்டில் குழந்தைப் பருமன் திட்டத்தை வெளியிட்டது. பல மாதங்கள் காத்திருந்து கிடைத்த ஆவணம் 13 பக்கங்கள். மருத்துவர்களும் அறக்கட்டளைகளும் கேட்டிருந்த விளம்பரக் கட்டுப்பாடும் சலுகை விற்பனைக் கட்டுப்பாடும் அதில் இல்லை. 2018 ஜூனில் வந்த அதன் இரண்டாம் பகுதி, 2030-க்குள் குழந்தைகளின் உடற்பருமனைப் பாதியாகக் குறைப்போம் என்று உறுதி கூறியது. மேலே பார்த்த 2023–24 எண்கள் அந்த இலக்கிலிருந்து நாடு எவ்வளவு தொலைவில் நிற்கிறது என்பதைக் காட்டுகின்றன.

2020 ஏப்ரலில் கொரோனாவால் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் மீண்ட பிரதமர் போரிஸ் ஜான்சன், தன் எடை தன்னை ஆபத்துக்கு உள்ளாக்கியதை வெளிப்படையாகச் சொன்னார். ஜூலையில் புதிய திட்டம் வந்தது. கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளுக்கான விளம்பரம் இரவு 9 மணிக்கு முன் தொலைக்காட்சியில் வராது. அவற்றுக்கு ‘ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்’ கிடையாது. கடையின் வாசலிலும் பணம் கட்டும் இடத்திலும் அவற்றை அடுக்கக் கூடாது. அடுக்கும் இடத்துக்கான விதி 2022 அக்டோபரில் வந்தது. சலுகை விற்பனைக்கான தடை முதலில் ஓராண்டு, பிறகு மேலும் இரண்டு ஆண்டு என்று தள்ளிப்போய் 2025 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. விலைவாசி உயர்வு அதற்குச் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. விளம்பரத் தடை பலமுறை ஒத்திவைக்கப்பட்டு, 2026 ஜனவரி 5-இல்தான் சட்டமாக அமலானது. அதற்குள் ஒரு விலக்கும் நுழைந்திருந்தது: குறிப்பிட்ட பண்டத்தைக் காட்டாமல் நிறுவனத்தின் பெயரை மட்டும் விளம்பரப்படுத்தினால் தடை பொருந்தாது.

இந்தத் தாமதத்தின் விலையை ஒரு குழந்தையின் வயதைக் கொண்டு கணக்கிடலாம். 2019–20 கல்வியாண்டில் பள்ளியில் சேர்ந்த குழந்தை தன் முதல் ஆண்டை முடித்த கோடையில் ஜான்சனின் அறிவிப்பு வந்தது. அந்தக் குழந்தை தொடக்கப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருக்கும் 2025–26-இல்தான் விளம்பரத் தடை வந்து சேர்ந்தது. அரசின் இரு அளவீடுகளுக்கு இடைப்பட்ட காலம் முழுவதும் அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே கழிந்துவிட்டது. உடற்பருமன் பெருமளவு கூடுவதும் அதே ஆண்டுகளில்தான். தள்ளிப்போட்டவர்களுக்கு அது நிர்வாகக் காலக்கெடு. அந்தக் குழந்தைக்கு அது முழுத் தொடக்கப் பள்ளிப் பருவம்.

ஊர்கள் காட்டிய வழி

வெஸ்ட்மின்ஸ்டரில் இருக்கும் மத்திய அரசு தயங்கிய இடத்தில் சில ஊர்கள் முன்னே போயின. வடகிழக்கின் கேட்ஸ்ஹெட் நகரம் 2015-இல் ஒரு திட்டமிடல் விதி கொண்டுவந்தது. எந்த வட்டாரத்தில் 10–11 வயதுக் குழந்தைகளில் 10 சதவீதத்துக்கு மேல் உடற்பருமன் இருக்கிறதோ அங்கே புதிய துரித உணவுக் கடைக்கு அனுமதி கிடையாது. மேல்நிலைப் பள்ளிக்கு 400 மீட்டருக்குள்ளும் கிடையாது. பள்ளியில் எடுத்த அளவீடு, பெற்றோருக்குக் கடிதம் அனுப்புவதோடு நின்றுவிடாமல், கடை வீதியின் அமைப்பையே தீர்மானிக்கும் ஆவணமாக மாறியது. அளவீட்டுக்கு இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது.

லண்டனின் சுரங்க ரயில், பேருந்து, நிலையங்களில் 2019 பிப்ரவரி முதல் கொழுப்பு, உப்பு, சர்க்கரை மிகுந்த உணவுகளின் விளம்பரம் தடை செய்யப்பட்டது. லண்டன் குடும்பங்களின் கடைச் செலவை ஆராய்ந்தவர்கள், அத்தகைய உணவு வாங்குவது எதிர்பார்க்கப்பட்ட அளவைவிட வீட்டுக்கு வாரம் சுமார் 1,000 கலோரி குறைந்திருப்பதாகக் கண்டார்கள்.

லீட்ஸ் நகரம் வேறு வழியில் போனது. ‘ஹென்றி’ என்ற எட்டு வாரப் பயிற்சியை, பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகளின் பெற்றோருக்கு, வறிய பகுதிகளுக்கு முன்னுரிமை தந்து நடத்தியது. அங்கே பெற்றோரைக் குற்றம் சாட்டுவதில்லை. உத்தரவு போடுவதும் கெஞ்சுவதும் இல்லாமல் குழந்தைக்கு வரம்புக்குள் ஒரு தேர்வைத் தரப் பழக்குகிறார்கள். காய் சாப்பிடு என்பதற்குப் பதில், கேரட்டா ப்ரோக்கோலியா என்று கேட்பது. 2009-க்கும் 2017-க்கும் இடையில் பள்ளியில் சேரும் குழந்தைகளிடையே உடற்பருமன் அங்கே 9.4 சதவீதத்திலிருந்து 8.8 ஆகக் குறைந்தது; வறிய பகுதிகளில் 11.5-இலிருந்து 10.5 ஆக. ஒப்பிடத்தக்க நகரங்களில் இந்த இறக்கம் இல்லை. இதற்கு ‘ஹென்றி’ மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாவிட்டாலும், ஒன்றைச் சொல்லலாம்: பெற்றோருக்கு உதவுவது என்பது துண்டறிக்கை கொடுப்பது ஆகாது. வாரா வாரம் பக்கத்தில் உட்கார்ந்து பேச ஒருவர் வேண்டும். அதற்குப் பணம் வேண்டும். எட்டுப் பத்து ஆண்டுகள் விடாமல் நடத்தும் உறுதி வேண்டும்.

அடுத்த சட்டம்

குழந்தை சாப்பிடுவது பெற்றோரின் பொறுப்பு, அதில் அரசு ஏன் மூக்கை நுழைக்க வேண்டும் என்ற கேள்வி பிரிட்டனில் ஓய்ந்ததே இல்லை. சட்டம் போடத் தயங்கிய ஒவ்வோர் அமைச்சருக்கும் அந்தக் கேள்வியைப் பற்றிய அச்சம் இருந்தது. ஆனால் பெற்றோரின் தேர்வு ஏற்கெனவே பலரால் வடிவமைக்கப்பட்டுவிட்டது. செய்முறையை உணவு நிறுவனம் முடிவு செய்கிறது. அலமாரியைக் கடை முடிவு செய்கிறது. குழந்தை எதற்கு அடம்பிடிக்கும் என்பதை விளம்பரம் முடிவு செய்கிறது. இவர்களில் யாரும் வாக்காளருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அல்லர். அரசு விலகி நின்றால் பெற்றோருக்குச் சுதந்திரம் கூடுவதில்லை. அவர்கள் எதிர்த்துப் போராட வேண்டிய சக்திகள்தான் கூடுகின்றன. பொறுப்பை நிறைவேற்ற முடிகிற சூழலை உண்டாக்கிவிட்டு அதன் பிறகு பொறுப்பைப் பற்றிப் பேசுவதே நேர்மை.

சட்டத்தையும் ஒருமுறை போட்டுவிட்டு மறந்துவிட முடியாது. வரி வரம்பு 5 கிராம் என்பதால் பல பானங்கள் அதற்குச் சற்றுக் கீழே வந்து நின்றுவிட்டன. 2025 நவம்பரில் அரசு அந்த வரம்பை 4.5 கிராமாக இறக்கி, இதுவரை விலக்குப் பெற்றிருந்த பால் கலந்த பானங்களையும் 2028 தொடக்கத்திலிருந்து வரிக்குள் கொண்டுவருவதாக அறிவித்தது. வருமான உதவி பெறும் எல்லாக் குடும்பத்துக் குழந்தைகளுக்கும் 2026 செப்டம்பர் முதல் இலவசப் பள்ளி உணவு என்ற அறிவிப்பும் அதே ஆண்டில் வந்தது. இரண்டும் சரியான திசையில் வைத்த அடிகள். முன்பு அறிவித்தவற்றின் கதி தெரிந்தவர்கள் அமலாகும் நாள்வரை கண்ணை எடுக்காமல் இருக்க வேண்டும்.

இன்னும் தொடப்படாமல் இருப்பது பிஸ்கட்டும் சாக்லேட்டும் கேக்கும் இருக்கும் பகுதி. வெறும் வேண்டுகோளால் 3.5 சதவீதம் மட்டுமே நகர்ந்த பகுதி. அரசே கேட்டுப் பெற்ற 2021-இன் தேசிய உணவு ஆய்வில் டிம்பிள்பி இதற்கு ஒரு வழி சொன்னார்: தயாரிப்பில் பயன்படும் சர்க்கரைக்குக் கிலோவுக்கு 3 பவுண்டு, உப்புக்கு 6 பவுண்டு வரி, வரும் பணத்தில் வறிய குடும்பங்களுக்குப் பழமும் காயும். ஜான்சன் அரசு அதை ஏற்கவில்லை. குளிர்பானத்தில் எது வேலை செய்தது, உணவில் எது வேலை செய்யவில்லை என்பதற்கான சான்று அரசின் சொந்த ஆவணங்களிலேயே இருக்கிறது. எனவே அடுத்து வரும் திட்டம் 690-ஆவது வேண்டுகோளாக இருக்கத் தேவையில்லை. அந்த வரியைச் சட்டமாக்கி, அமலாகும் தேதியை அதிலேயே எழுதி, வரும் பணம் எந்தத் தட்டுக்குப் போகிறது என்பதையும் அதிலேயே எழுதினால் போதும். ஐந்து வயதில் அளக்கப்படும் குழந்தைக்குப் பதினொன்று ஆவதற்குள் செய்து முடிக்கக்கூடிய வேலைதான் அது.